பிரிண்ட் கலெக்‌ஷன் போடப் போகிறீர்களா? துவைக்கப் போவது யார் என்று முதலில் கேளுங்கள்

பிரிண்ட் போட்ட உடைகளில் முதல் கலெக்‌ஷன் செய்ய வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கையில் ஒரு டிசைனோடுதான் வருவார்கள். ராத்திரி கண் விழித்து வரைந்த பூவோ, பறவையோ, கட்டம் கட்டமாக ஏதோ ஒன்றோ இருக்கும், நன்றாகவும் இருக்கும். "இதை எந்தத் துணியில் அடித்தால் எடுப்பாக இருக்கும்?" என்பார்கள். நான் பதிலுக்கு, "இதைத் துவைக்கப் போவது யார்?" என்று கேட்பேன். கிண்டல் செய்கிறேன் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் அந்த ஒரு கேள்விக்குப் பதில் தெரிந்துவிட்டால் துணி பாதி முடிவாகிவிடும், துணி முடிவானால் எந்தச் சாயம் என்பது தானாகவே வந்து நிற்கும், இரண்டும் தெரிந்த பிறகுதான் அந்தப் பூ எவ்வளவு பெரிதாக இருக்கலாம், கோடு எவ்வளவு மெல்லியதாக இருக்கலாம் என்று பேசவே முடியும். புதிதாக வருகிறவர்கள் இதை வாலிலிருந்து தலைக்கு ஓட்டுகிறார்கள்.

நானும் அப்படித்தான் ஓட்டினேன். முதல் தடவை 40 கவுன் தைத்தேன். ரேயான் கிரேப் துணி, கருநீலத் தரை, அதில் வெள்ளைப் பூ. அச்சடிக்கக் கொடுத்த இடத்தில் பிக்மென்ட், அதாவது பசையோடு துணியின் மேலே ஒட்டுகிற நிறம், போதும் என்றார்கள், எனக்கு எதற்கும் எதற்கும் வித்தியாசம் தெரியாது, தலையாட்டிவிட்டேன். போகும்போது கையிலிருந்து தண்ணீர் மாதிரி வழிந்த துணி, திரும்பி வரும்போது மேஜை விரிப்பு மாதிரி விறைத்துக்கொண்டு வந்தது. சரி, ஒரு தடவை நனைத்தால் சரியாகிவிடும் என்று என்னையே சமாதானப்படுத்திக்கொண்டு விற்றேன். வாங்கிய ஒருவர் மூன்று வாரம் கழித்து அதை எடுத்துக்கொண்டு வந்தார். அக்குள் பக்கமும், கைப்பை உரசும் இடுப்புப் பக்கமும் நீலம் தேய்ந்து சாம்பலாகியிருந்தது, கணுக்காலில் இருந்த நீளம் கெண்டைக்காலுக்கு ஏறியிருந்தது. "மெஷினில் போட்டேன், வேறு எப்படித் துவைப்பதாம்?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை. அவர் மெஷினில்தான் போடுவார் என்பது துணி வாங்குவதற்கு முன்பே எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

முதல் படி: ஒரு ஆளைப் பிடியுங்கள்

"25 முதல் 40 வயதுக்குள், வேலைக்குப் போகிற, ரசனையுள்ள பெண்கள்" என்று ஒரு வரி எழுதி வைத்துக்கொண்டு அதற்கு இலக்கு வாடிக்கையாளர் என்று பெயர் வைப்பது பழக்கமாகிவிட்டது. அந்த வரியில் நர்ஸும் இருக்கிறார், வக்கீலும் இருக்கிறார், வீட்டிலிருந்தே கணினியில் வேலை பார்க்கிறவரும் இருக்கிறார். மூன்று பேருடைய உடம்பும் ஒரு நாளில் செய்கிற வேலை வேறு வேறு. இப்படி ஒரு கூட்டத்துக்குத் துணி வாங்கப் போனால் யாருக்கும் முழுதாகப் பொருந்தாத ஒன்றில்தான் போய் நிற்பீர்கள்.

நான் செய்வது இதுதான். யாருக்கு விற்க நினைக்கிறேனோ அந்த மாதிரியான ஐந்து பேரைப் பிடிப்பேன். சொந்தக்காரர்களும் நெருங்கிய நண்பர்களும் வேண்டாம், அவர்கள் நம் மனம் நோகக்கூடாது என்று எல்லாமே அழகு என்பார்கள். "உங்களுக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்கவே கூடாது, அதற்கு எல்லோரும் சொல்வது தாங்கள் ஆசைப்படுகிற உடையை. "போன மாதம் அதிகம் போட்ட மூன்று உடைகளை எடுத்துக் காட்டுங்கள்" என்று கேளுங்கள். அலமாரியில் முன்வரிசையில் இருப்பதோ, துவைத்து மடிக்காமல் நாற்காலியில் கிடப்பதோ, அதுதான் உண்மை. அப்புறம் அந்த மூன்றையும் உள்பக்கம் திருப்பிப் பாருங்கள். எங்கே தேய்ந்திருக்கிறது? கழுத்து லேபிளை வெட்டி எறிந்திருக்கிறார்களா? அப்படியென்றால் உறுத்தியிருக்கிறது. துவைக்கும் குறிப்பு லேபிளில் என்ன போட்டிருக்கிறது, அவர் நிஜத்தில் என்ன செய்கிறார்? கையால் துவை என்று எழுதியிருப்பதை மெஷினில் போடுகிறார் என்றால் உங்கள் உடையும் அங்கேதான் போகப் போகிறது.

அடுத்ததாக, வாங்கிவிட்டுப் போடாமல் வைத்திருக்கும் ஒன்றைக் காட்டச் சொல்லுங்கள். இதில் கிடைக்கிற தகவல் முதல் மூன்றில் கிடைப்பதைவிடப் பல மடங்கு. "நல்லாத்தான் இருக்கு, ஆனா ஒவ்வொரு தடவையும் அயர்ன் பண்ணணும்", "உட்கார்ந்தா உள்ளே தெரியுது", "ஒருதடவை போட்டா எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும், மறுபடி எப்படிப் போடுறது". கடைசியாகச் சொன்னது பிரிண்ட் தொழிலில் இருக்கிற எல்லோரும் சுவரில் எழுதி ஒட்ட வேண்டிய வாக்கியம். பெரிய, தனித்த, கண்ணில் அடிக்கிற உருவம் உள்ள பிரிண்டை ஒருமுறை பார்த்தால் மறக்காது, அதனாலேயே அதை வாரம் ஒருமுறை போடத் தயங்குவார்கள். சின்னச் சின்னதாகப் பரவியிருக்கும் பிரிண்டை எத்தனை முறை போட்டாலும் யாரும் கணக்கு வைப்பதில்லை.

ஒரு உதாரணம் எடுத்துக்கொள்வோம். மழலையர் வகுப்பு ஆசிரியை ஒருவர். நாள் முழுக்கத் தரையில் மண்டியிட்டு எழுந்திருக்கிறார், குனிகிறார், கையைத் தூக்கிப் பலகையில் எழுதுகிறார், மேலே கிரேயானும் பசையும் ஒட்டுகிறது. இரவு மெஷினில் போட்டு, காலையில் அயர்ன் செய்யாமல் மாட்டிக்கொண்டு ஓடுகிறார். இதிலிருந்து எவ்வளவு விஷயம் கிடைத்துவிட்டது பாருங்கள். குனிந்தால் உள்ளே தெரியாத கனம் வேண்டும். முழங்கால் பக்கம் உரசும், எனவே மேலோட்டமாக ஒட்டிக்கொண்டிருக்கும் சாயம் ஆகாது. வெளிர்நீலம், சாம்பல் மாதிரி பிளெயினாக இருக்கிற இடைப்பட்ட நிறங்களில் வியர்வை அப்படியே படம் போட்டுக் காட்டும். நான்கைந்து நிறம் கலந்த நெருக்கமான பிரிண்டில் வியர்வையும் கிரேயானும் கலந்து மறைந்துவிடும். பாக்கெட் வேண்டும், அதுவும் ஆழமாக. கசங்கினாலும் கசங்கலாகத் தெரியாத துணி வேண்டும். நெருக்கமான பிரிண்டே பாதிக் கசங்கலை மறைத்துவிடும் என்பது கூடுதல் லாபம்.

அதே வயதில், வருடத்தில் நான்கைந்து விசேஷத்துக்கு மட்டும் நல்ல உடை வாங்கி, டிரை கிளீனிங்குக்குக் கொடுக்கத் தயங்காத இன்னொருவரை நினைத்துப் பாருங்கள். அவருக்குப் பட்டு கொடுக்கலாம், ஆள் உயரத்துக்கு ஒரே ஒரு கொடி ஏறிப் போகிற மாதிரி பிரிண்ட் கொடுக்கலாம், யாருக்கும் மறக்காமல் இருப்பதுதான் அவருக்கு வேண்டியதே. வயது, வருமானம், ஊர் எல்லாம் ஒன்றாக இருந்தும் இந்த இரண்டு பேருக்கும் ஒரே துணியை விற்க முடியாது.

இவ்வளவையும் ஒரே ஒரு தாளில் எழுதி, வேலை செய்யும் மேஜைக்கு எதிரே ஒட்டிவிடுங்கள். எப்படித் துவைப்பார், அயர்ன் உண்டா, நாளில் எத்தனை மணி நேரம் உட்கார்ந்திருப்பார், வாரத்தில் எத்தனை தடவை போடுவார், எங்கே உரசும். ஐந்தே வரி. அந்தத் தாளில் அவருக்குப் பிடித்த நிறம், பிடித்த இசை எல்லாம் எழுதுகிற பாணி ஒன்று இருக்கிறது. எனக்கு அதனால் ஒரு மீட்டர் துணி வாங்குவதில்கூட உதவி கிடைத்ததில்லை.

துணியைப் பார்ப்பது எப்படி

துணி கடையில் முதலில் குழப்புவது பெயர்கள். சாட்டின் என்றால் பட்டு என்று நினைத்துக்கொண்டு வருகிறவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சாட்டின் என்பது நெசவின் பெயர். பட்டிலும் சாட்டின் நெய்யலாம், பாலியெஸ்டரிலும் நெய்யலாம், பருத்தியிலும் நெய்யலாம். கிரேப், ஜார்ஜெட், வாயில், பாப்லின் எல்லாமே அப்படித்தான். அந்தப் பெயர்கள் துணி எப்படி நெய்யப்பட்டிருக்கிறது, நூல் எவ்வளவு முறுக்கப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்லும், என்ன இழை என்பதைச் சொல்லாது. அதனால் எந்தத் துணியைத் தொட்டாலும் நான்கு கேள்வி கேளுங்கள்: என்ன இழை, என்ன நெசவு, ஜிஎஸ்எம் எத்தனை, அகலம் எத்தனை. நான்கில் ஒன்றுக்கு மழுப்பலாகப் பதில் வந்தாலும் அரை மீட்டர் மட்டும் வாங்கிக்கொண்டு வந்து நீங்களே சோதித்துப் பாருங்கள்.

இழையைக் கண்டுபிடிக்க நெருப்புச் சோதனை பழைய முறை, இன்றைக்கும் நம்பலாம். ஓரத்திலிருந்து நாலைந்து நூலை உருவி, இடுக்கியால் பிடித்து, பக்கத்தில் தண்ணீர் வைத்துக்கொண்டு கொளுத்துங்கள். பருத்தி, லினன், ரேயான் மூன்றும் தாள் எரிகிற வாசத்தோடு எரிந்து மெல்லிய சாம்பலாகும். பட்டும் கம்பளியும் முடி கருகுகிற நாற்றம் அடிக்கும், சாம்பல் விரலில் நசுங்கும். பாலியெஸ்டர் உருகிச் சுருண்டு, ஆறியதும் கெட்டியான குண்டுமணி மாதிரி நிற்கும். கலப்புத் துணியில் இரண்டும் சேர்ந்து வரும், எத்தனை சதவீதம் என்பது இதில் தெரியாது, அதற்கு ஆய்வகம்தான்.

ஜிஎஸ்எம் என்பது ஒரு சதுர மீட்டர் துணி எத்தனை கிராம் என்ற கணக்கு. இதற்குப் பெரிய கருவி வேண்டாம். நகை நிறுக்கிற மாதிரியான சின்ன டிஜிட்டல் தராசு இருந்தால் 10 செ.மீ.க்கு 10 செ.மீ. துண்டை வெட்டி நிறுத்து, வருவதை 100 ஆல் பெருக்குங்கள். 1.2 கிராம் வந்தால் 120 ஜிஎஸ்எம். தோராயமாக, 60 முதல் 80 வரை இருப்பது வாயில் மாதிரி மெல்லிய துணி, வெளிர் நிறமாக இருந்தால் லைனிங் இல்லாமல் தப்பாது. 100 முதல் 130 வரை சட்டைக்கான பாப்லின். 150 முதல் 180 வரை டி-ஷர்ட்டின் பின்னல் துணி. 200க்கு மேலே போனால் பேன்ட், ஜாக்கெட். பட்டுக்கு மட்டும் மொம்மி என்று தனிக் கணக்கு வைத்திருக்கிறார்கள், ஒரு மொம்மி ஏறக்குறைய 4.3 ஜிஎஸ்எம், அதாவது 16 மொம்மிப் பட்டு 70 ஜிஎஸ்எம்மை ஒட்டி வரும்.

எண்ணெல்லாம் ஒரு பக்கம். ஒரு மீட்டர் துணியை நடுவில் இரண்டு விரலால் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். சன்னமாக, நிறைய மடிப்போடு தொங்குகிறதா, அல்லது கூடாரம் மாதிரி விரிந்து நிற்கிறதா? இதைத்தான் ஃபால் என்கிறோம். பிரிண்டுக்கு இது உயிர்நாடி, ஏனென்றால் வழிந்து விழுகிற துணியில் உங்கள் டிசைன் ஒருபோதும் தட்டையாகத் தெரியப் போவதில்லை. 30 செ.மீ. அகலமுள்ள ஒரு பறவையை வரைந்து அதை ஜார்ஜெட்டில் அடித்து, இடுப்பில் சுருக்கம் வைத்துப் பாவாடை தைத்தால், மடிப்புக்குள் ஒரு இறக்கையும் வெளியே ஒரு அலகும்தான் தெரியும். அந்தத் துணிக்குக் கொடிபோல ஓடுகிற, எங்கே மடிந்தாலும் பரவாயில்லை என்கிற டிசைன்தான் சரி. நேர்க்கோடும் கட்டமும் வழுக்குகிற துணியில் இன்னும் மோசம். வெட்டும்போதே துணி இழுபட்டு, தைத்து முடித்ததும் கோடு ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி நிற்கும். கோட்டுக்கும் கட்டத்துக்கும் பாப்லின் மாதிரி அடங்கி உட்காருகிற துணி எடுங்கள்.

மேல்பரப்பும் கவனிக்க வேண்டியது. மயிரிழைக் கோடுகள் வைத்து வரைந்திருந்தால் நைஸான, நெருக்கமாக நெய்த துணி வேண்டும். லினனில் நூல் அங்கங்கே தடித்து வருவதால் மெல்லிய கோடு உடைந்து உடைந்து தெரியும், ஆனால் தூரிகைத் தீற்றல் மாதிரி வரைந்ததை லினன் இன்னும் அழகாக்கிவிடும். பின்னல் துணியில் வேறொரு சிக்கல் உண்டு. அச்சு மேல்பக்கம் மட்டும் ஏறியிருந்தால், உடம்பில் மாட்டி இழுபடும்போது நடுவில் வெள்ளை எட்டிப் பார்க்கும். இறுக்கமாகப் போடுகிற உடைக்கு அடர் நிற பிரிண்ட் என்றால் மாதிரித் துண்டை இரண்டு கையாலும் இழுத்துப் பார்க்காமல் சரி சொல்லாதீர்கள்.

துவைக்கும் கேள்விக்குத் திரும்பி வருவோம். ரேயான் விலைக்குத் தகுந்த அழகான ஃபால் கொடுக்கும், நிறத்தை ஆசையாக உறிஞ்சும், ஆனால் நனைந்தால் பலம் குறையும், சுருங்கவும் செய்யும். மோடால், லயோசெல் இரண்டும் அதே குடும்பம்தான், நனைந்த நிலையில் இன்னும் தாங்கும். பருத்தி எல்லாத் துவையலையும் தாங்கும், கசங்கும். லினன் அதைவிடக் கசங்கும், அதை அழகாக நினைக்கிறவருக்கு மட்டும் கொடுங்கள். பாலியெஸ்டர் கசங்காது, சுருங்காது, சீக்கிரம் காயும், வியர்வையை உறிஞ்சாது. அந்த ஐந்து வரித் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைப் படித்தால் பாதித் துணிகள் தானாகவே வெளியேறிவிடும்.

சாயம் நீங்கள் தேர்ந்தெடுப்பதில்லை

இழைதான் சாயத்தைத் தேர்ந்தெடுக்கும். பருத்தி, லினன், ரேயான் என்றால் ரியாக்டிவ். பட்டு, கம்பளி, நைலான் என்றால் ஆசிட் சாயம். பாலியெஸ்டர் என்றால் டிஸ்பர்ஸ் சாயம், சப்ளிமேஷன் என்று நாம் சொல்வது அதைத் தாளிலிருந்து சூட்டில் துணிக்கு ஏற்றுகிற முறை. பிக்மென்ட் மட்டும் எந்தத் துணியில் வேண்டுமானாலும் ஒட்டும், ஏனென்றால் அது இழைக்குள் போவதே இல்லை, பைண்டர் என்கிற பசையைப் பிடித்துக்கொண்டு மேலே உட்கார்ந்திருக்கும்.

ரியாக்டிவ் 1956இல் சந்தைக்கு வந்தது, இழையோடு வேதியியல் முறையில் பிணைந்துகொள்வதால் துணியின் மென்மை அப்படியே இருக்கும். ஆனால் அச்சடித்துவிட்டு 100 டிகிரிக்குச் சற்று மேலான நீராவியில் வைக்க வேண்டும், பிறகு ஒட்டாத சாயம் போகிறவரை நன்றாக அலச வேண்டும். "முதல் மூன்று துவையலுக்குச் சாயம் போகும், அப்புறம் சரியாகிவிடும்" என்று யாராவது சொன்னால், அலசுகிற வேலையை வாடிக்கையாளர் வீட்டுக்குத் தள்ளிவிட்டார்கள் என்று அர்த்தம்.

பிக்மென்டைத் திட்டிவிட்டு வந்தேனே தவிர, அது கெட்டது என்று சொல்லவில்லை. வெள்ளைத் தரையில் சின்னச் சின்னப் பூ அங்கங்கே சிதறியிருக்கிற டிசைனுக்கு பிக்மென்ட் தாராளமாகப் போதும், தண்ணீர் செலவும் குறைவு. என் கருநீலத் தரை மாதிரி துணி முழுக்க அடர் நிறம் நிரப்பும்போதுதான் விறைப்பும் தேய்மானமும் வரும். டிசைனில் எத்தனை சதவீதம் நிறம் நிரம்பியிருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் இதை முடிவு செய்ய வேண்டும்.

சப்ளிமேஷனில் இரண்டு விஷயம் ஞாபகம் இருக்கட்டும். அந்தச் சாயம் பாலியெஸ்டரில் மட்டும்தான் நிற்கும். பாலியெஸ்டர் 65, பருத்தி 35 கலந்த துணியில் அடித்தால் பருத்திப் பங்கு பிடிக்காமல் போய், துவைத்ததும் பழைய போட்டோ மாதிரி மங்கிவிடும். இன்னொன்று, அதில் வெள்ளை மை கிடையாது. தரை வெள்ளையாகவோ மிக வெளிராகவோ இருந்தாக வேண்டும்.

வலை வழியாகச் சாயத்தைத் தள்ளி அடிக்கிற ஸ்கிரீனா, கணினி பிரிண்டர் மாதிரி மையைத் தெளிக்கிற டிஜிட்டலா என்பது அடுத்த கேள்வி. ஸ்கிரீனில் ஒவ்வொரு நிறத்துக்கும் தனி ஸ்கிரீன் செய்ய வேண்டும், அதற்கு முன்பணம் போகும், மீட்டர் ஏற ஏற மலிவாகும். உருளை ஸ்கிரீன் என்றால் பெரும்பாலும் 64 செ.மீ. சுற்றளவு, எனவே டிசைனின் ரிப்பீட், அதாவது டிசைன் திரும்ப ஆரம்பிக்கிற அளவு, 64, 32, 16 என்று அதற்குள் மீதியில்லாமல் அடங்க வேண்டும். டிஜிட்டலில் நிறக் கணக்கும் இல்லை, ரிப்பீட் கட்டுப்பாடும் இல்லை, பத்து மீட்டர்கூட அடித்துத் தருவார்கள். முதல் கலெக்‌ஷனுக்கு டிஜிட்டல்தான் என் வாக்கு. ஒரு குறை உண்டு, மை துணியின் பின்பக்கம் வரை இறங்காது. ஆண்கள் சட்டைக்கு டிஜிட்டல் பிரிண்ட் போட்டுவிட்டு, வாங்குகிற ஆள் கையை முழங்கை வரை மடித்துவிட்டுக்கொள்கிற ஆள் என்று பிறகு தெரிந்தால் என்ன ஆகும்? மடித்த இடம் முழுக்க வெளுத்த பின்பக்கம். இது நடந்தது எனக்கு இல்லை, பக்கத்து மேஜையில் வேலை பார்த்தவருக்கு. அவர் கடைசியில் மடிக்கிற இடத்துக்கு மட்டும் உள்ளே அதே பிரிண்டில் ஒரு பட்டை வைத்துத் தைத்தார், பார்க்க வேண்டுமென்றே செய்த மாதிரி அழகாகத்தான் இருந்தது, ஆனால் துணி கணக்கு எகிறிவிட்டது. ஸ்கார்ஃபுக்கும் இதே பிரச்சினைதான்.

துணி வாங்கும்போது சாயம் ஏறுவதற்குத் தயார் செய்த துணிதானா என்று கேட்டு வாங்குங்கள், பிஎஃப்டி (prepared for dyeing) என்பார்கள். வீட்டுக்கு வந்ததும் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். சட்டென்று உள்ளே இழுத்துக்கொண்டால் நல்லது. தாமரை இலைத் தண்ணீர் மாதிரி உருண்டு நின்றால் கஞ்சியோ வேறு பூச்சோ இன்னும் போகவில்லை, அதில் சாயம் திட்டுத் திட்டாகத்தான் ஏறும்.

அளவு: தாளில் பார்க்காதீர்கள், உடம்பில் பாருங்கள்

திரையில் டிசைன் எப்போதும் அழகாகத்தான் இருக்கும். நிஜ அளவில் சாதாரணத் தாளில் அச்செடுத்து, ஒட்டிச் சேர்த்து, ஒரு பழைய சட்டையின் மேல் குண்டூசியால் குத்தி, கண்ணாடி முன்னால் மூன்று மீட்டர் தள்ளி நின்று பாருங்கள். அவ்வளவு தூரத்திலிருந்துதான் மனிதர்கள் ஒருவரையொருவர் முதலில் பார்க்கிறார்கள். நுணுக்கமான பல டிசைன்கள் மூன்று மீட்டரில் அழுக்குச் சாம்பலாகக் கலங்கிவிடும். வட்டமான பெரிய உருவங்கள் மார்பில் எங்கே வந்து உட்காருகின்றன என்பதையும் இப்போதே பார்த்துவிடுங்கள், தைத்த பிறகு பார்த்தால் முகம் சுளிக்க வேண்டியிருக்கும்.

சைஸ் மாறும்போது உடை பெரிதாகும், பிரிண்ட் பெரிதாகாது. பெரிய சைஸில் முழுதாகத் தெரிகிற உருவம் மிகச் சின்ன சைஸில் பக்கத் தையலில் வெட்டுப்படும். மிகச் சின்ன சைஸ், மிகப் பெரிய சைஸ் இரண்டையும் தாளில் வைத்துப் பார்த்துவிடுவது நல்லது.

எல்லாப் பூவும் மேல்நோக்கி நிற்கிற ஒருதிசை டிசைன் என்றால், வெட்டும்போது எந்தத் துண்டையும் தலைகீழாகத் திருப்பி வைக்க முடியாது, துணி அதிகமாகச் செலவாகும். எத்தனை மீட்டர் என்பது பேட்டர்னைப் பொறுத்தது, வெட்டுகிறவரிடம் மார்க்கர், அதாவது துண்டுகளைத் துணியில் அடுக்குகிற வரைபடம், போட்டுக் காட்டச் சொல்லுங்கள். நான் இப்போதெல்லாம் வரையும்போதே சில பூக்களைக் கீழே பார்த்து வைத்துவிடுவேன்.

எத்தனை துணி, எத்தனை பிரிண்ட் என்று கேட்பார்கள். முதல் தடவைக்கு இரண்டு துணி, மூன்று பிரிண்ட் போதும். ஒன்று எல்லோரும் திரும்பிப் பார்க்கிற பிரிண்ட், ஒன்று அதே நிறங்களிலிருந்து எடுத்த அடக்கமான துணைப் பிரிண்ட், ஒன்று தூரத்தில் பிளெயின் மாதிரியே தெரிகிற பொடி பிரிண்ட். விற்பனையில் பெரும்பாலும் இரண்டாவதும் மூன்றாவதும்தான் ஓடும், முதலாவது அவற்றை விற்றுக் கொடுக்கும். அதனால் முதலாவதில் குறைவாக அடியுங்கள், ஆசையை அடக்கிக்கொண்டு.

மாதிரி அடித்து, அதைப் படுத்தி எடுங்கள்

மொத்தமாக அடிப்பதற்கு முன் அதே துணியில், அதே இயந்திரத்தில் ஒரு மீட்டர் மாதிரி. ஸ்ட்ரைக் ஆஃப் என்பது இதுதான். வேறு துணியில் அடித்த மாதிரியைக் காட்டி "இப்படித்தான் வரும்" என்றால் ஒத்துக்கொள்ளாதீர்கள்; ஒரே ஃபைல் பாப்லினில் ஒரு சிவப்பாகவும் சாட்டினில் இன்னொரு சிவப்பாகவும் வரும். நிறம் சொல்ல பான்டோன் எண் (ஒவ்வொரு நிறத்துக்கும் ஒரு எண் வைத்திருக்கிற அட்டை முறை) கொடுப்பதானால் டிசிஎக்ஸ் என்று முடிகிற பருத்தித் துணி அட்டையிலிருந்து கொடுங்கள், தாளுக்கான அட்டையிலிருந்து கொடுத்தால் துணியில் அது கிடைக்காமலே போகலாம். வந்த மாதிரியை ஜன்னல் வெளிச்சத்திலும் டியூப் லைட்டிலும் பாருங்கள். ஒன்றில் சாம்பல், இன்னொன்றில் பச்சை என்று சில நிறங்கள் வேஷம் மாற்றும்.

அந்த மாதிரியைப் பாதியாக வெட்டி, ஒரு பாதியில் தேதி எழுதி எடுத்து வையுங்கள். மற்ற பாதியில் துணி நிறத்தோடு மாறுபடும் பேனாவால் 50 செ.மீ. சதுரம் வரைந்து, உங்கள் ஆள் எப்படித் துவைப்பாரோ அப்படியே மூன்று தடவை துவைத்துக் காயப்போட்டு அளந்து பாருங்கள். நீளத்தில் 50 என்பது 48 ஆகியிருந்தால் 4 சதவீதம் சுருக்கம், 110 செ.மீ. நீளக் கவுன் 4.4 செ.மீ. ஏறிவிடும். என் முதல் கவுன்கள் கெண்டைக்காலுக்கு ஏறிய கதை இந்த ஒரு சதுரத்தில் முடிந்திருக்கும். அப்புறம் வெள்ளைப் பருத்தித் துண்டை விரலில் சுற்றி, காய்ந்த நிலையில் பத்து தடவை, நனைத்துப் பத்து தடவை பிரிண்ட் மேல் தேயுங்கள். வெள்ளையில் எவ்வளவு ஏறுகிறதோ அவ்வளவு அவர் கைப்பையிலும் சோபாவிலும் ஏறும். ஆய்வகத்துக்குக் கொடுத்தால் தேய்ப்புக்கு ஐஎஸ்ஓ 105-எக்ஸ்12 முறையில் 1 முதல் 5 வரை மதிப்பெண் தருவார்கள், 5 நல்லது. அடர் நிறங்களில் ஈரத் தேய்ப்பு எப்போதும் கொஞ்சம் குறைவாகத்தான் வரும், அதற்காகப் பதற வேண்டாம். வெயிலில் மங்குகிறதா என்பதற்கு 1 முதல் 8 வரை தனி அளவுகோல். வெளியில் வேலை செய்கிற ஆளுக்குத் தைக்கிறீர்கள் என்றால் இதையும் கேளுங்கள்.

இதெல்லாம் தேறிய பிறகு ஒரே ஒரு உடை தைத்து, முதலில் பேசிய ஐந்து பேரில் ஒருவரிடம் கொடுத்துவிடுங்கள். இரண்டு வாரம் அவர் இஷ்டத்துக்குப் போடட்டும், துவைக்கட்டும், எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு வார்த்தை சொல்லாதீர்கள். திரும்பி வந்ததும் பாராட்டைக் கேட்பதற்கு முன் அக்குள், பாக்கெட் ஓரம், உட்காருகிற இடம் மூன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். எத்தனை தடவை போட்டார் என்று கேளுங்கள். ஒரு தடவைதான் என்றால் ஏன் என்று கேட்டு, மாற்றிவிட்டுத்தான் மொத்த ஆர்டர். நான்கைந்து தடவை என்றால் ஆர்டர் போடலாம், மொத்தத் துணியையும் ஒரே லாட்டில், அதாவது ஒரே தடவையில் அடித்த தொகுப்பாக, எடுங்கள், வெட்டும்போது கெட்டுப்போகிற துண்டுகளுக்காகக் கொஞ்சம் கூடுதலாகவே அடித்து வாங்குங்கள். பிறகு அடித்தால் அதே நிறம் வருவது சந்தேகம், தேதி எழுதி வைத்த பாதித் துண்டு அப்போதுதான் பீரோவிலிருந்து வெளியே வரும்.